மீண்டு வருவது யார்?

2025 ஏப்ரல் 7 அன்று கொலோசல் பயோசயின்சஸ் என்ற அமெரிக்க நிறுவனம் மூன்று வெண்ணிற ஓநாய்களை உலகுக்குக் காட்டியது. ரோமுலஸ், ரீமஸ் என்று இரண்டு ஆண். கலீசி என்று ஒரு பெண் குட்டி. பனியுகத்தின் முடிவோடு அமெரிக்கக் கண்டங்களிலிருந்து மறைந்துபோன டைர் ஓநாய், பத்தாயிரம் ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் திரும்பி வந்துவிட்டதாக அந்நிறுவனம் அறிவித்தது. கம்பளி யானை, டோடோ, டாஸ்மேனியப் புலி ஆகியவையும் அதன் பட்டியலில் உள்ளன. பலரும் இதை ஓர் அறிவியல் செய்தியாகவே படித்துக் கடந்தார்கள். ஆனால் மனிதரைப் பற்றிச் சமயங்களும் தத்துவங்களும் நெடுங்காலமாகக் கேட்டுவரும் இரண்டு கேள்விகள் இதற்குள் இருக்கின்றன. இறந்துபோன ஒன்று திரும்பி வந்தால், வந்தது அதுதானா? அழித்தவனே மறுபடி உண்டாக்கிக் கொடுத்துவிட்டால், அழித்த குற்றம் தீருமா? இரண்டுக்கும் என் விடை ‘இல்லை’ என்பதே. அறிவியலின் மீதுள்ள அச்சத்தால் இப்படிச் சொல்லவில்லை. அறிவியல் தரும் சான்றுகளே இந்த விடைக்குக் கொண்டுபோகின்றன. இதே அறிவியல் யாருடைய உதவிக்கு ஓட வேண்டும் என்பதையும் அவைதான் காட்டுகின்றன.

முதலில், ஆய்வகத்தில் நடந்தது என்ன என்று பார்த்துவிட வேண்டும். ஒஹாயோவில் கிடைத்த 13,000 ஆண்டுப் பழைமையான ஒரு பல், ஐடஹோவில் கிடைத்த 72,000 ஆண்டுப் பழைமையான ஒரு மண்டையோட்டின் உட்செவி எலும்பு ஆகிய இரண்டிலிருந்தும் டிஎன்ஏ எடுக்கப்பட்டது. உட்செவியைச் சூழ்ந்துள்ள எலும்பு மிகக் கெட்டியானது. ஈரமும் நுண்ணுயிரும் எளிதில் புகமுடியாத அந்த இடத்தில் பழைய டிஎன்ஏ ஓரளவு தங்கியிருக்கும். அப்போதும் அது முழு இழையாகக் கிடைப்பதில்லை, நொறுங்கிய துணுக்குகளாகவே கிடைக்கும். அத்துணுக்குகளை இன்றைய ஓநாயின் மரபணுத் தொகுதியோடு ஒப்பிட்டு வரிசைப்படுத்தித்தான் டைர் ஓநாயின் மரபணு வரைவு உருவானது. பிறகு, உயிரோடு இருக்கும் சாம்பல் ஓநாயின் இரத்தத்திலிருந்து உயிரணுக்களை எடுத்து, 14 மரபணுக்களில் 20 இடங்களைத் திருத்தினார்கள். உடலின் அளவு, மயிரின் நிறம், அடர்த்தி போன்ற பண்புகளோடு தொடர்புள்ள இடங்கள் அவை. திருத்திய உயிரணுவின் உட்கருவை, உட்கரு நீக்கிய நாயின் கருமுட்டைக்குள் வைத்து, அக்கருவை வளர்ப்பு நாய்களின் வயிற்றில் வளரவிட்டார்கள். அறுவை சிகிச்சை செய்து குட்டிகள் வெளியே எடுக்கப்பட்டன. சில நாட்களில் அவை புட்டிப்பாலுக்கு மாறின. இதன் ஒவ்வொரு படியும் வியக்கத்தக்க கைத்திறன் என்பதில் ஐயமில்லை. ஆனால் பழைய எலும்பிலிருந்து ஒரு துணுக்கு டிஎன்ஏகூட அந்தக் குட்டிகளின் உடலுக்குள் போகவில்லை. எலும்பைப் பார்த்து எழுதிய குறிப்பின்படி, இன்றைய ஓநாயின் உயிரணுவில் செய்த மாற்றங்கள் மட்டுமே போயின.

அந்த மாற்றங்களின் அளவையும் எண்ணிப் பார்க்கலாம். ஓநாயின் மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 240 கோடி எழுத்துகள் உண்டு. டைர் ஓநாயும் சாம்பல் ஓநாயும் 99.5 விழுக்காடு ஒத்தவை என்று நிறுவனமே சொல்கிறது. அந்தக் கணக்கை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், எஞ்சும் அரை விழுக்காடு ஒரு கோடியே இருபது லட்சம் வேறுபாடுகள் ஆகும். அவற்றில் திருத்தப்பட்டவை இருபது. அந்த இருபதிலும் பதினைந்துதான் டைர் ஓநாயின் வடிவத்தைப் பின்பற்றியவை. மற்றவை வெளிர்நிற மயிரைப் பாதுகாப்பாக வரவழைப்பதற்காக வேறு வழியில் தேர்ந்தெடுக்கப்பட்டவை. இன்னொன்றும் இருக்கிறது. இன்றைய ஓநாய்களின் மூதாதையரிடமிருந்து டைர் ஓநாயின் கிளை ஐம்பது லட்சம் ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்துவிட்டது என்று 2021இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு காட்டியது. அறிவிப்பு வந்த சில நாட்களில், இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியத்தின் நாயினங்களுக்கான வல்லுநர் குழு, இக்குட்டிகள் டைர் ஓநாய்கள் ஆகமாட்டா என்று கூறியது. நிறுவனத்தின் தலைமை அறிவியலாளர் பெத் ஷாப்பிரோவும், இவை இருபது திருத்தங்கள் செய்யப்பட்ட சாம்பல் ஓநாய்கள்தாம் என்று அடுத்த மாதமே ஒப்புக்கொண்டார்.

இங்கே ஒரு மறுப்பு எழும். இனம் என்பதே மனிதர் வகுத்த பகுப்புதானே. உருவத்தை வைத்துப் பிரிக்கும் முறையும் உயிரியலில் உண்டு. பார்வைக்கு டைர் ஓநாயைப் போல இருந்தால் அப்படி அழைப்பதில் என்ன தவறு என்று கேட்கலாம். நிறுவனமும் இதே வாதத்தைத்தான் முன்வைத்தது. இனங்களுக்கிடையே உள்ள எல்லைகள் சில இடங்களில் மங்கலானவை என்பது உண்மை. ஆனால் உருவ ஒற்றுமை என்பது ஒன்றை அடையாளம் கண்டுகொள்ள உதவும் குறி. அந்தக் குறியையே பொருளாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒருவரைப் போலவே முகம் உள்ள இன்னொருவர் அவருடைய உடன்பிறந்தவராக இருக்கலாம், யாரென்றே தெரியாதவராகவும் இருக்கலாம். அவர் இவர் ஆவதற்கு முகம் போதாது; பிறப்பும் வாழ்வும் ஒரே இழையாகத் தொடர்ந்து வந்திருக்க வேண்டும். மேலும், டைர் ஓநாயின் எலும்புகள் மட்டுமே நமக்குக் கிடைத்திருக்கின்றன. அதன் நிறத்தையோ குரலையோ கூட்டமாக அது வாழ்ந்த முறையையோ கண்ட எவரும் எழுதிவைக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க மூலமே இல்லாத இடத்தில், ஒத்திருக்கிறது என்ற தீர்ப்பை யாராலும் சரிபார்க்க முடியாது.

எதிர்காலத்தில் ஒரு கோடியே இருபது லட்சம் எழுத்துகளையும் திருத்த முடிந்தால் என்ன செய்வது என்பதே கடினமான கேள்வி. அப்போது என் வாதம் விழுந்துவிடுமா? விழாது என்பதற்கு, ஓர் எழுத்தையும் மாற்றாமல் செய்த முயற்சியே சான்று. ஸ்பெயினின் பிரனீஸ் மலையில் வாழ்ந்த புக்கார்டோ என்ற காட்டாட்டின் கடைசி உயிர் செலியா. 2000 ஜனவரியில் மரம் விழுந்து அது இறந்தது. முந்தைய ஆண்டே அதன் உடலிலிருந்து எடுத்து உறையவைத்திருந்த உயிரணுக்களைக் கொண்டு 2003இல் ஒரு குட்டியைப் பிறக்கச் செய்தார்கள். நுரையீரல் கோளாறால் அது சில நிமிடங்களில் இறந்தது. அது பிழைத்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். செலியாவின் உட்கருவையே கொண்டிருந்த அந்தக் குட்டிக்கு இணை சேர ஓர் ஆண் புக்கார்டோ உலகில் எங்கும் இல்லை. எந்தப் பாறைச் சரிவில் பனிக்காலத்தைக் கழிக்க வேண்டும் என்று நடந்து காட்டத் தன் இனத்தில் ஒரு தாயும் இல்லை. மரபணு முழுமையாக இருந்தும் இனம் அங்கே இல்லை.

உயிரணுவில் எழுதப்படாத எவ்வளவோ விஷயங்கள் ஓர் இனத்தின் வாழ்வில் இருக்கின்றன என்பது இப்போது தெளிவாகத் தெரியவந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ரீஜன்ட் தேனுண்ணிப் பறவை இன்று சில நூறுகளாகச் சுருங்கிவிட்டது. அதன் இளம் ஆண்கள் மூத்த ஆண்களிடம் கேட்டுத்தான் பாட்டுக் கற்கும். மூத்தவை அருகிவிட்டதால், ஆண்களில் சுமார் எட்டில் ஒன்று தன் இனத்தின் பாட்டையே அறியாமல், பக்கத்து மரத்து வேற்றினப் பறவைகளின் பாட்டைப் பாடுவதாக 2021இல் வந்த ஆய்வு சொன்னது. வழக்கமில்லாத பாட்டைப் பாடும் ஆணோடு பெண் பறவைகள் கூடு கட்டுவது குறைந்திருந்தது. அப்பறவைகளின் மரபணுவில் எந்தக் குறையும் இல்லை. கேட்டுக் கற்பதற்கான குரல்தான் காட்டிலிருந்து போய்விட்டது. ஹவாய்த் தீவின் அலாலா என்ற காக்கை 2002இல் காட்டிலிருந்து முற்றிலும் மறைந்தது. கூண்டுகளில் வளர்ந்த தலைமுறைகளிடம், காட்டில் தன் எல்லையை அறிவிக்கும் குரல்கள் அருகிப்போயிருந்தன. 2016 தொடங்கி அவற்றைக் காட்டில் விட்டபோது, இயோ என்ற அந்தத் தீவின் பருந்துக்குப் பல இரையாயின. எஞ்சியவற்றை 2020இல் திரும்பப் பிடித்துக் கொண்டுவர நேர்ந்தது. உயிரோடு தொடர்ந்துவந்த இனத்துக்கே சில பத்தாண்டுக் கூண்டு வாழ்க்கை இவ்வளவு இழப்பைத் தந்தது என்றால், பத்தாயிரம் ஆண்டு இடைவெளி எதை மிச்சம் வைத்திருக்கும்?

ஆகவே இனம் என்பதைப் பிரித்து எடுத்து வைக்கக்கூடிய ஒரு பொருளாக எண்ணுவதே பிழை என்று கருதுகிறேன். அது ஒரு தொடர்ச்சி. தாயிடமிருந்து குட்டிக்கு உடல் வருவதோடு, வழியும் குரலும் அச்சமும் கூடவே வருகின்றன. தமிழ் மரபுக்கு இந்த எண்ணம் புதிதல்ல. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்தது. விலங்கு, பறவை, மரம், தொழில், தெய்வம் ஆகியவற்றை அந்த முதற்பொருளில் தோன்றும் கருப்பொருளாகச் சேர்த்தே எண்ணியது. அது இலக்கியத்துக்கு வகுத்த இலக்கணம், உயிரியல் நூல் அல்ல. இருந்தாலும் உயிரை நிலத்திலிருந்து தனியே பிரித்துப் பார்க்காத ஒரு மனம் அதற்குப் பின்னே இருக்கிறது. புல்வெளியும் அதில் மேய்ந்த பெருவிலங்குக் கூட்டங்களும் போய்விட்ட பிறகு, டைர் ஓநாய் எந்த நிலத்தின் கருப்பொருளாகத் திரும்பி வர முடியும்? அது வேட்டையாடியிருக்கக்கூடிய பழங்குதிரைகளும் ஒட்டகங்களும் அந்தக் கண்டத்தில் அதற்கு முன்னும் பின்னுமாக மறைந்துவிட்டன. இன்று அந்த மூன்று ஓநாய்களும் சுமார் 2,000 ஏக்கர் வேலிக்குள், மனிதர் தரும் உணவை உண்டு வாழ்கின்றன.

இறந்தவர் மீள்வதைப் பற்றித் தமிழில் உள்ள மிகப் பெரிய கதை மயிலாப்பூரில் நடக்கிறது. சேக்கிழாரின் பெரியபுராணத்தில் வரும் பூம்பாவையின் வரலாறு அது. சைவர்கள் இறையருளின் அற்புதமாகப் போற்றும் ஒன்றை ஆய்வகத்தோடு வைத்து எடைபோடுவது என் நோக்கமல்ல. மீட்பு என்றால் என்ன என்பதை அந்தக் கதை எவ்வளவு ஆழமாக எண்ணியிருக்கிறது என்பதற்காகவே இங்கே கொண்டுவருகிறேன். வணிகர் சிவநேசர் தம் மகளைத் திருஞானசம்பந்தருக்கு உரியவளாக எண்ணி வளர்க்கிறார். மலர் பறிக்கப் போன இடத்தில் பாம்பு தீண்டி அவள் இறக்கிறாள். எலும்பையும் சாம்பலையும் ஒரு குடத்தில் இட்டு, கன்னிமாடத்தில் வைத்து, உயிரோடு இருப்பவளைப் போலவே காக்கிறார் தந்தை. பிறகு சம்பந்தர் வருகிறார். கோயில் வாயிலில் குடத்தை வைக்கச் செய்து பதிகம் பாடுகிறார். அப்பதிகத்தில் அவர் அந்தப் பெண்ணின் உடல் அழகைச் சொல்லி அழைக்கவில்லை. ஓணவிழா, கார்த்திகை விளக்கீடு, திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று அந்த ஊரின் விழாக்களைச் சொல்லி, இவற்றைக் காணாமல் போவது முறையா என்று கேட்கிறார். திரும்பி வருகிறவளுக்காக ஓர் ஊரே காத்திருக்கிறது. தெருவும் கடலும் விளக்கும் அவள் விட்டுச் சென்றபடியே இருக்கின்றன. அவளும் இறந்தபோதிருந்த சிறுமியாக எழவில்லை, இடையில் கழிந்த ஆண்டுகளையும் வளர்ந்து முடித்த பெண்ணாக எழுகிறாள். அவிநாசியில் முதலை உண்ட சிறுவனைச் சுந்தரர் மீட்கும் கதையிலும், கழிந்த ஆண்டுகளின் வளர்ச்சியோடுதான் அவன் வருகிறான். மீட்பு முழுமையாக வேண்டுமென்றால் உடலோடு காலமும் ஊரும் திரும்பியாக வேண்டும் என்பதை அக்கதைகள் அறிந்திருந்தன. அந்தக் காலத்தைத் தருவது இறைவனால் மட்டுமே ஆகும் என்றும் அவை கருதின.

கதை அதோடு முடியவில்லை. மகளை ஏற்றுக்கொள்ளும்படி சிவநேசர் வேண்டும்போது சம்பந்தர் மறுக்கிறார். நீர் பெற்ற பெண் நஞ்சால் இறந்துவிட்டாள். இவள் இறைவன் அருளால் என் வழியே தோன்றியவள். ஆகவே அந்தப் பேச்சு தகாது என்பது அவர் சொல்லும் காரணத்தின் சாரம். பெரும் அற்புதம் என்று அடியார்கள் கருதும் ஒன்றைச் செய்துமுடித்த அந்தக் கணத்திலேயே, வந்தவள் வேறு, போனவள் வேறு என்ற உண்மையை அவர் மறைக்கவில்லை. அதோடு, உயிர் கொடுத்தவருக்கு உரிமை பிறக்கவில்லை, தந்தையின் கடமையே பிறக்கிறது. இன்றைய ஆய்வகங்கள் கற்க வேண்டிய இரண்டு பாடங்களும் இங்கேயே இருக்கின்றன. முதலாவது, உருவாக்கியதை உருவாக்கியது என்றே சொல்வது. இரண்டாவது, உருவாக்கிய உயிரின் நலத்துக்கு அதன் ஆயுள் முழுதும் பொறுப்பேற்பது. ரோமுலஸும் ரீமஸும் கலீசியும் எந்தக் குற்றமும் அறியாத உயிர்கள். அவை டைர் ஓநாய்கள் இல்லை என்பதால் அவற்றின் பசியும் வலியும் குறைந்தவை ஆகிவிடா. ஒரு விளம்பரத்தின் ஆயுள் முடிந்த பிறகும் அவற்றைக் காக்கும் கடமை, அவற்றைப் பிறப்பித்தவர்களுக்கு உண்டு.

சமய நோக்கில் வழக்கமாக எழும் எதிர்ப்பு வேறு வகையானது. உயிரைப் படைப்பது கடவுளின் வேலை, மனிதன் அதில் கைவைக்கலாகாது என்பார்கள். இந்த எதிர்ப்போடு எனக்கு உடன்பாடில்லை. ஓநாயிலிருந்து நாயையும் காட்டுப் புல்லிலிருந்து நெல்லையும் மனிதன் பல்லாயிரம் ஆண்டுகளாக உருவாக்கி வந்திருக்கிறான். நின்றுபோகும் இதயத்தை மருத்துவர் மறுபடி இயக்கும்போது அதை யாரும் அத்துமீறல் என்பதில்லை. கைவைப்பதே பாவம் என்றால், அழிவின் விளிம்பில் நிற்கும் உயிருக்குச் செய்யும் உதவியும் பாவமாகிவிடும். இங்கே பார்க்க வேண்டியது துணிவின் அளவை அல்ல. சொல்லில் உண்மை இருக்கிறதா, செயலில் பொறுப்பு இருக்கிறதா என்பதையே.

அடுத்த எதிர்ப்பு வலுவானது. அடையாளத்தைப் பற்றிய தத்துவம் ஒருபுறம் இருக்கட்டும். அழிந்த விலங்கு செய்துவந்த வேலையைப் புதிய விலங்கு செய்துவிட்டால் காட்டுக்கு அதுவே போதாதா என்பது அது. இதில் நியாயம் உண்டு. மொரீஷியஸ் அருகே உள்ள ஈல் ஓ எக்ரெத் என்ற சிறு தீவில், அழிந்துபோன பேராமைகள் செய்த விதை பரப்பும் வேலையைச் செய்வதற்காக அல்டாப்ரா ஆமைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை கருங்காலி மரத்தின் பழங்களைத் தின்று விதைகளைப் பரப்புகின்றன, கன்றுகள் முளைக்கின்றன. நல்ல காரியம்தான். ஆனால் அதற்கு உயிர்த்தெழுதல் தேவைப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உயிரோடு இருந்த ஓர் உறவினமும், மேய்வதற்கு ஒரு தீவும், அதன் மரங்கள் இன்னும் சில எஞ்சியிருந்ததுமே போதுமானவையாக இருந்தன. வந்த ஆமையைப் பழைய ஆமை என்று யாரும் பெயர் மாற்றிச் சொல்லவும் இல்லை. வேலைக்கு மாற்று கிடைக்கலாம் என்பதால், போன உயிருக்கு மாற்று கிடைத்துவிட்டது என்று ஆகாது. தாயை இழந்த குழந்தையைச் சிற்றன்னை அன்போடு வளர்க்கலாம். அதனால் தாயின் மரணம் நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

பூமியில் தோன்றிய இனங்களில் மிகப் பெரும்பாலானவை மனிதன் தோன்றுவதற்கு முன்பே அழிந்தவைதானே, அழிவும் இயற்கையின் ஒரு பகுதி அல்லவா என்றும் சிலர் கேட்பார்கள். எல்லாரும் ஒருநாள் இறப்பது உறுதி என்பதால் கொலை குற்றமில்லாததாகிவிடுமா? இயற்கையின் போக்கில் ஓர் இனம் மறைந்த காலங்களில், பெரும்பாலும் அதன் கிளைகளிலிருந்தும் அண்டை உயிர்களிலிருந்தும் புதியவை தோன்ற நெடிய காலம் இருந்தது. வட அமெரிக்காவின் வானத்தை மறைத்துப் பறந்ததாகச் சொல்லப்படும் பயணப்புறா, கோடிக்கணக்கான எண்ணிக்கையிலிருந்து சரிந்து, 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி உயிரியல் பூங்காவில் மார்த்தா என்ற கடைசிப் பறவையோடு முடிந்தது. துப்பாக்கியும் வலையும், தந்தியும் ரயிலும், காடழிப்பும் சேர்ந்து ஒரு மனித ஆயுளுக்குள் இதைச் செய்தன. இதில் செய்தவர் உண்டு, செய்யாமல் இருந்திருக்கக்கூடிய வாய்ப்பும் உண்டு. அந்த இரண்டும் இருக்கும் இடத்தில்தான் குற்றம் என்ற சொல்லுக்குப் பொருள் பிறக்கிறது.

குற்றம் உண்டென்றால் கழுவாய் உண்டா? இங்குதான் இரண்டாவது கேள்விக்கு வருகிறோம். சமயங்கள் தங்களுக்குள் எவ்வளவு வேறுபட்டாலும், கழுவாய் என்பதற்கு மூன்று படிகளைப் பொதுவாக வைக்கின்றன: செய்ததை ஒப்புக்கொள்வது, செய்வதை நிறுத்துவது, பாதிக்கப்பட்டவருக்கு ஈடு செய்வது. இரண்டாவது படியைத் தாண்டிக் குதித்து மூன்றாவதுக்குப் போக முடியாது. அழித்த பழக்கம் தொடரும்போது அழிந்ததன் சாயலை உண்டாக்கிக் காட்டுவது கழுவாய் ஆகாது. இந்தியாவின் பாறு கழுகுகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1990களில் தொடங்கி, வெண்முதுகுப் பாறு கழுகின் எண்ணிக்கை 99 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. மாடுகளுக்கு வலிநிவாரணியாகக் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபெனாக், இறந்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்கிறது என்று 2004இல் தெரியவந்தது. 2006இல் கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடை வந்தது. மனிதருக்கான பெரிய குப்பிகளை மாட்டுக்குப் பயன்படுத்தியதால், 2015இல் அவற்றுக்கும் தடை வந்தது. அத்தடையை 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. அதே தீங்கைச் செய்யும் கீட்டோபுரோஃபென், அசிக்குளோஃபெனாக் ஆகியவையும் 2023இல் கால்நடை மருத்துவத்திலிருந்து விலக்கப்பட்டன. நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்றும் பாறு கழுகுகள் கூடு கட்டுகின்றன. இதில் எந்த அற்புதமும் இல்லை. ஒரு மருந்தை நிறுத்துவது, மாற்றாக மெலாக்சிகாமைத் தருவது, மருந்துக் கடைகளைக் கண்காணிப்பது என்று சலிப்பூட்டும் வேலைகள்தாம். ஆனால் கழுவாயின் இரண்டாவது படி என்பது இதுதான்.

மீட்பைப் பற்றிய வாக்குறுதி இந்தப் படியையே தளர்த்திவிடும் என்பது என் கவலை. இது வெறும் கற்பனைக் கவலை அல்ல. டைர் ஓநாய் அறிவிப்பு வந்த உடனேயே, வனவிலங்குத் துறையைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் அமெரிக்க உள்துறைச் செயலர் டக் பர்கம் அதை வரவேற்றார். உயிரினங்களைக் காக்கக் கட்டுப்பாடுகளைவிடப் புதுமையே தேவை என்றும், அழியும் நிலையிலுள்ள இனங்களின் பட்டியலை நம்பியிருக்கும் முறை மாற வேண்டும் என்றும் அவர் எழுதினார். மீண்டும் செய்துகொள்ளலாம் என்ற எண்ணம் வந்துவிட்டால், இப்போது காப்பது செலவாகத் தோன்றத் தொடங்கும். அதே நாட்டின் வட கரோலினாவில் செந்நாய் நிறத்துச் சிவப்பு ஓநாய் உயிரோடு இருக்கிறது. காட்டில் அதன் எண்ணிக்கை சில பத்துகளைத் தாண்டாது. வாகனத்தில் அடிபட்டும் துப்பாக்கிச் சூட்டிலும் அது சாகிறது. அதற்கு வேண்டியது சாலையைக் கடக்கப் பாதையும், சட்டத்தை நடைமுறைப்படுத்தும் உறுதியும்தான்.

இதற்கு எதிராக, மீட்புத் திட்டங்கள் இல்லையென்றாலும் அவற்றுக்கு வரும் தனியார் பணம் வனப் பாதுகாப்புக்கு வந்திருக்கப் போவதில்லை; அதனால் உண்டாகும் கருவிகள் உயிரோடு இருக்கும் இனங்களுக்கும் உதவுமே என்பார்கள். கருவிகள் உதவும் என்பதை முழுமனத்தோடு ஏற்கிறேன். அதற்குச் சிறந்த சான்று, அமெரிக்கப் புல்வெளிகளில் வாழும், கீரி போன்ற கருங்கால் ஃபெரெட். முற்றிலும் அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட அது 1981இல் வயோமிங்கில் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று இருப்பவற்றில் ஏறத்தாழ அனைத்தும் ஏழே உயிர்களின் வழித்தோன்றல்கள் என்பதால் அவற்றின் மரபணு வேறுபாடு ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிட்டது. 1988இல் இறந்த வில்லா என்ற பெண் விலங்கின் உயிரணுக்கள் சான் டியாகோவின் உறைநிலைக் காப்பகத்தில் திரவ நைட்ரஜனில் இருந்தன. அவற்றிலிருந்து 2020 டிசம்பர் 10 அன்று எலிசபெத் ஆன் பிறந்தது. அதற்குப் பின் அதே வழியில் பிறந்த அன்டோனியா 2024இல் குட்டிகளையும் ஈன்றது. வில்லாவோடு போயிருக்க வேண்டிய மரபுவளம் வாழும் இனத்துக்குள் திரும்பியது. இங்கே குளோனிங் உறுதியாக ஒரு நன்மை. காரணம், சேர்ந்துகொள்ள ஓர் இனம் இருந்தது, வேட்டை கற்றுத்தர ஏற்பாடும் போய் வாழப் புல்வெளியும் இருந்தன. அப்போதும் கொள்ளைநோயும், இரையான புல்வெளி அணில்கள் ஒழிக்கப்படுவதும் நிற்கவில்லை என்றால், எத்தனை குளோன்கள் பிறந்தாலும் பயனில்லை என்பதை அத்திட்டத்தில் உழைப்பவர்கள் நன்கு அறிவார்கள். கருவி ஒன்றே, அதை இறந்ததன் புகழுக்குப் பயன்படுத்துவதற்கும் இருப்பதன் உயிருக்குப் பயன்படுத்துவதற்கும் இடையேதான் அறத்தின் கோடு விழுகிறது.

அந்தக் கோட்டை நம் நாட்டில் வரைந்துகொள்ள இதுவே தருணம். அழியும் நிலையிலுள்ள விலங்குகளின் உயிரணுக்களைச் சேமிக்கும் ஆய்வகம் ஹைதராபாத்தில் இருக்கிறது. அந்த வேலை இன்னும் விரிய வேண்டும். ஆனால் உயிரணு உறைபெட்டியில் இருக்கிறது என்பதைக் காட்டி ஒரு புல்வெளியையும் விட்டுக்கொடுக்கும் நிலை வரக்கூடாது. கானமயில் இதற்கு உடனடிச் சோதனை. ஒருகாலத்தில் தமிழ்நாடு வரை பரவியிருந்த அந்தப் பறவை, இன்று நாட்டில் 150 என்ற அளவில், பெரும்பாலும் ராஜஸ்தானில் மட்டும் எஞ்சியிருக்கிறது. 2024 அக்டோபரில் ஜெய்சல்மேரில் செயற்கைக் கருவூட்டல் மூலம் ஒரு குஞ்சு பொரிந்தது. இது பெருமைப்பட வேண்டிய செய்தி. அந்தக் குஞ்சின் வழித்தோன்றல்கள் ஒருநாள் பறக்கப்போகும் வானத்தில் உயர் அழுத்த மின்கம்பிகள் குறுக்கே ஓடுகின்றன. அவற்றில் மோதிக் கானமயில்கள் சாகின்றன. கம்பிகளை நிலத்துக்கடியில் கொண்டுபோவதும், பாதையை மாற்றுவதும், பறவைக்குத் தெரியும்படி அடையாளம் மாட்டுவதும் நமக்குத் தெரிந்த தொழில்நுட்பங்கள். செலவு அதிகம் என்பது அவற்றுக்கு எதிராகச் சொல்லப்படும் முக்கியத் தடை. இருக்கும் உயிருக்கு இந்தச் செலவைச் செய்ய மறுத்துவிட்டு, போன பிறகு அதைவிடப் பெரிய செலவில் அதன் சாயலை உருவாக்க முனையும் சமூகம் தன் கடனைத் தீர்த்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. சட்டம் இயற்றுவோரும், ஆய்வுக்குப் பணம் தருவோரும், வாக்களிக்கும் நாமும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எதைத் திரும்பக் கொண்டுவர முடியும் என்பதல்ல. எதை இன்னும் போகவிடாமல் நிறுத்த முடியும் என்பதே. அதற்கு விடை நமக்குத் தெரியும். செய்து முடிப்பதுதான் பாக்கி.